கிருமிக்குக் கதவு திறப்பது யார்?

2020 ஜனவரி 30. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார். அவருடைய தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியைப் புனே நகருக்கு அனுப்பினார்கள். அங்கே தேசிய வைராலஜி நிறுவனம் இருக்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் வைத்து அந்தக் கிருமியைப் படம் பிடித்தார்கள்.

கடம்பம் பூவைப் பார்த்திருப்பீர்கள். உருண்டையாக இருக்கும். சுற்றிலும் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும். கொரோனா வைரஸும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மிகமிகச் சிறியது. ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கான வைரஸ்களை வரிசையாக வைக்கலாம்!

அதன் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்புப் போட்டால் அது கரைந்து உடைந்துவிடும். உறையில் நிற்கும் முள் ஒரு புரதம்.

பருப்பிலும் முட்டையிலும் புரதம் உண்டு என்று நாம் அறிவோம். நம் உடலும் பல புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. உடல் முழுவதும் செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லிலும் பலவகைப் புரதங்கள் வேலை செய்கின்றன.

அவற்றில் ஒன்றின் பெயர் ஏஸ்-2. மூக்கு, நுரையீரல், இதயம், சிறுநீரகம், குடல் ஆகியவற்றின் செல்கள் மேல் இது இருக்கிறது. இரத்த அழுத்தம் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள இது உதவுகிறது. நல்ல வேலைதான். ஆனால் வைரஸின் முள் இதை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

பிடித்தால் மட்டும் உள்ளே போக முடியாது. முள் வெட்டுப்பட வேண்டும். வெட்டும் கத்தரி வைரஸிடம் இல்லை. அதுவும் நம் செல்லின் புரதம்தான்! வெட்டியதும் முள் மடங்குகிறது. வைரஸின் உறையும் செல்லின் உறையும் ஒன்றாகக் கலக்கின்றன. கதவு திறந்துவிட்டது. திருடனுக்குத் தாழ்ப்பாளை நீக்கியது வீட்டு ஆள்தான்.

வைரஸுக்குள் இருப்பது ஒரு செய்முறைக் குறிப்பு. சுமார் 30,000 எழுத்து நீளம். அது செல்லுக்குள் இறங்குகிறது. செல்லில் புரதம் செய்யும் இடத்துக்கு ரைபோசோம் என்று பெயர். அதை மாவு மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸின் புரதம் ஒன்று மில்லின் வாயிலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊரார் தானியத்தை உள்ளே விடுவதில்லை. வைரஸின் தானியத்தில் தனி அடையாளம் உண்டு. அது மட்டும் உள்ளே போய் அரைபடுகிறது.

ஆபத்து வந்தால் செல் பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். வைரஸின் வேறு சில புரதங்கள் அதையும் தடுக்கின்றன. எச்சரிக்கை தாமதமாகிறது. அதற்குள் வைரஸ் பெருகிவிடுகிறது.

2020இல் பலருக்குக் கொதிக்கும் ரசத்தின் மணம்கூடத் தெரியவில்லை. மணம் அறியும் நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் துணைச் செல்கள் மூக்கில் உண்டு. அவற்றில் ஏஸ்-2 இருக்கிறது. வைரஸ் அவற்றைத் தாக்கியது. துணை போனதும் மணமும் போயிற்று. பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் திரும்பியது.

2021 ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறக்க முடியாது. ஆக்சிஜன் கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். அப்போது பரவியது டெல்டா வகை. அதன் முள்ளில், வெட்டுப்படும் இடத்துக்கு அருகே, ஒரு மாற்றம் இருந்தது. அதனால் முள் எளிதாக வெட்டுப்பட்டது. டெல்டா வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2021 ஜனவரி 16 அன்று நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஊசியால் கொரோனா வந்துவிடும் என்று சிலர் பயந்தார்கள். கோவாக்சினில் இருப்பது செயலிழந்த வைரஸ். அது பெருகாது. கொரோனா வைரஸிலிருந்து கோவிஷீல்டில் இருப்பது முள் செய்யும் குறிப்பு மட்டுமே. இவற்றைக் கண்டு உடல் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. பிறகு உண்மையான வைரஸ் வந்தால் எதிர்ப்பொருள் முள்ளின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். முள்ளால் ஏஸ்-2ஐப் பிடிக்க முடியாது.

முள் மாறினால் எதிர்ப்பொருளின் பிடி நழுவும். 2021 நவம்பரில் தெரியவந்த ஒமிக்ரான் வகையின் முள்ளில் 30 மாற்றங்கள் அல்லது அதற்கும் மேல் இருந்தன. ஊசி போட்டவர்களுக்கும் அது தொற்றியது. ஆனால் அவர்களில் மிகப் பலருக்கு நோய் கடுமையாகவில்லை.