இஸ்தான்புல் நகரத்து நாய்கள்

உதுமானியப் பேரரசின் தலைநகராக விளங்கிய இஸ்தான்புல்லில் தெருநாய்களுக்குத் தனி உரிமையாளர் இல்லை. தெருவில் வாழ்ந்தோர் அனைவரும் அவற்றைத் தம்முடையனவாகவே கருதினர். வீதியில் எறியப்பட்ட உணவுக் கழிவுகளை அவை தின்று தீர்த்தன. இரவில் அயலார் வரின் குரைத்து எச்சரித்தன. மக்கள் அவற்றுக்கு உணவும் நீரும் அளித்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரை ஐரோப்பிய நகரங்களைப்போல் மாற்ற விழைந்தோர்க்கு அந்நாய்கள் இடையூறாகத் தோன்றின. 1910ஆம் ஆண்டு பல்லாயிரம் நாய்கள் பிடிக்கப்பட்டு, மர்மரா கடலிலுள்ள சிவ்ரியாதா என்னும் பாறைத்தீவில் விடப்பட்டன. உணவும் நன்னீருமின்றி அவை மடிந்தன. அவற்றின் ஓலம் கரைவரை கேட்டது என்பர்.

துருக்கியின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுமாறு பணித்தது. 2024ஆம் ஆண்டின் திருத்தமோ, அவற்றைக் காப்பகங்களில் சேர்க்குமாறு கூறியது. திருத்தத்தை வரவேற்றோரும் எதிர்த்தோரும் வீதிக்கு வந்தனர்.

நாய்க்கடிக்கு அஞ்சும் பெற்றோரின் கவலை பொய்யன்று. தீவில் மடிந்த உயிர்களின் துயரமும் பொய்யன்று. இரண்டனுள் ஒன்றை மறந்து இயற்றப்படும் சட்டம் எதுவும் நிலைத்த தீர்வாகாது. நம் தெருவிலும் இதே வினா நம் விடைக்காகக் காத்திருக்கிறது.