தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? மேமோகிராமுக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'அக்குளில் நெறி கட்டியிருக்கிறது' என்று ஒரு வரி வந்தால் போதும், வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. சில நேரம் அதற்குக் காரணம், சில நாட்களுக்கு முன் அதே பக்கக் கையில் போட்ட தடுப்பூசிதான். ஊசி மருந்தை எதிர்கொள்ள உடம்பு வேலை செய்யும்போது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் வீங்குவது இயல்பு. கொரோனா ஊசிகள் வந்த 2021-இல், இரண்டாம் டோஸ் முடிந்து 4 முதல் 6 வாரம் கழித்து மேமோகிராம் எடுக்கலாம் என்று அமெரிக்க மார்பக ஸ்கேன் நிபுணர்கள் சங்கம் சொன்னது. அதே சங்கம் 2022-இல், ஊசிக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டது. முதலில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

• ஊசி, மேமோகிராம் இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால், மேமோகிராமை முதலில் முடியுங்கள். காலையில் படம், மாலையில் ஊசி என்றாலும் சரி. நெறி வருவதற்குள் படம் எடுத்தாகிவிடும்.

• எந்த ஊசி, எந்தத் தேதி, எத்தனையாவது டோஸ், இடக்கையா வலக்கையா என்று போனில் குறித்து வையுங்கள். கோவின் சான்றிதழில் தேதி இருக்கும், கை இருக்காது. படம் எடுக்கும் டெக்னீஷியன் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். ரிப்போர்ட் எழுதுகிற டாக்டருக்கு இந்த ஒரு தகவல் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

• ஒரு மார்பில் ஏற்கெனவே புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர் என்றால், ஊசியை மறுபக்கக் கையில் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சிகிச்சை நடந்திருந்தால், தொடையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

• பழைய மேமோகிராம் படங்களைக் கையோடு கொண்டு போங்கள். புதிதாக வந்ததா, பல வருடமாக இருப்பதா என்று ஒப்பிட்டால்தான் தெரியும்.

• மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் தேதி வாங்குங்கள். வலி குறைவாக இருக்கும். அன்றைக்கு அக்குளில் டியோடரன்ட், பவுடர் வேண்டாம், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்து பயமுறுத்தும்.

• 'சில வாரம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்' என்று டாக்டர் சொன்னால், அந்தத் தேதிக்குக் கட்டாயம் போங்கள். ஊசியால் வந்த நெறி என்றால் பெரும்பாலும் அதற்குள் வற்றியிருக்கும். வற்றாவிட்டால் அடுத்த கட்டத்தை அவர் பார்ப்பார்.

செய்யக்கூடாதவை

• மார்பில் கட்டி தட்டுப்பட்டால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். காம்பில் ரத்தக் கசிவு, தோல் குழிவது, காம்பு உள்ளே இழுபடுவது எல்லாமே இதில் அடங்கும். முன்னே பின்னே தேதி பார்ப்பது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குத்தான். மார்பிலேயே இருக்கும் கட்டிக்கு ஊசியைக் காரணம் காட்டாதீர்கள், மற்றவர் காட்டினாலும் ஏற்காதீர்கள்.

• ஊசி போட்டுவிட்டோமே என்று மேமோகிராம் அப்பாயின்ட்மென்டை கேன்சல் செய்யாதீர்கள். ஒரு வாரம் என்று தள்ளுவது எப்படி ஒரு வருடமாகிறது என்று நிறையப் பார்த்தாயிற்று.

• மேமோகிராமைக் காட்டி ஊசியைத் தவிர்க்காதீர்கள். நெறி தானே வற்றும். ஊசி தடுக்கிற நோய் அப்படியல்ல.

• கொரோனா ஊசியால் மட்டும்தான் நெறி வரும் என்று நினைக்காதீர்கள். ஃப்ளூ, அக்கி, எச்பிவி ஊசிகளுக்குப் பிறகும் வரலாம், அவற்றையும் சொல்லுங்கள்.

• நெறியை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள், வலிதான் கூடும்.

• ரிப்போர்ட்டை கூகுளில் தேடி நீங்களாக முடிவுக்கு வராதீர்கள். எழுதிய டாக்டரிடமே கேளுங்கள்.

மேமோகிராமுக்கு வசதி இல்லையா? 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்தைக் கையால் தொட்டுப் பரிசோதிக்கிறார்கள், காசு கிடையாது. இன்றே விசாரித்துத் தேதி வாங்குங்கள். அம்மாவுக்கும் சேர்த்து வாங்குங்கள்.