சிறு கைகளுக்கு வழி விடுங்கள்



மூன்று வயதுக் குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டப் பார்க்கிறது. பொத்தான் காஜாவுக்குள் நுழையவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு மறுபடியும் முயல்கிறது. அந்த வேளையில் பெரியவர்கள் என்ன செய்கிறோம்? "நேரமாகிறது, இங்கே வா" என்று இழுத்து, ஒரு நொடியில் மாட்டிவிடுகிறோம். வேலை முடிந்தது, பாடமோ பாதியில் நின்றுபோனது. நாம் அன்பினால் செய்யும் இந்த உதவி பிள்ளைக்கு உண்மையில் உதவிதானா என்பதை இந்த வாரம் சிந்திப்போம்.

இந்தக் கேள்வியை ஆழமாக ஆராய்ந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-ம் ஆண்டு இத்தாலி தேசத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பெண்கள் வைத்தியம் படிப்பது அரிதாயிருந்த காலத்தில், 1896-ல் ரோமாபுரி சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். புத்தி வளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகளிடையே முதலில் உழைத்தார். அவர்களுக்குப் பலன் தந்த முறை மற்றப் பிள்ளைகளுக்கும் பலன் தராதா என்று எண்ணலானார்.

1907-ம் ஆண்டு சனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, ரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பட்டது. ஏழைத் தொழிலாளிகள் வாழ்ந்த பகுதி அது. தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து, சுவர்களைக் கெடுத்துவந்த சுமார் 50 பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் சேட்டை செய்யாதபடி காவல் வைப்பதே கட்டடக்காரர்களின் நோக்கம். அம்மையாரோ அவர்களுக்குச் செய்ய வேலை கொடுத்தார்.

அவர் கொடுத்த சாமான்களில் ஒன்று நீளமான மரக்கட்டை. அதில் பத்துக் குழிகள். குழிக்கு ஒன்றாகப் பத்து மர உருளைகள். பிடித்துத் தூக்க ஒவ்வொன்றின் மேலும் சிறு குமிழ். உருளைகளை எடுத்துக் கலந்துவிட்டு, அதனதன் குழியில் திரும்பப் பொருத்தவேண்டும். பெரிய உருளை சிறு குழிக்குள் இறங்காது. சிறியதைப் பெரிய குழியில் போட்டுவிட்டாலோ, கடைசியில் ஓர் உருளைக்கு இடமில்லாமற் போகும். "தப்பு" என்று யாரும் அதட்டவேண்டியதில்லை. கட்டையே சொல்லிவிடுகிறது, கோபமில்லாமல் சொல்லுகிறது. குழந்தையும் வெட்கப்படாமல் திருத்திக்கொள்ளுகிறது.

ஒருநாள் ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இந்த உருளைகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கவனம் எவ்வளவு உறுதியானது என்று பார்க்க, மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார் அம்மையார். அவள் திரும்பவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தி, களைப்பில்லாமல், மகிழ்ச்சியோடு சுற்றிலும் பார்த்தாள். "பிள்ளைக்கு ஒன்றிலும் மனம் நிலைக்கவில்லை" என்று குறைபடும் தாய்மாரே, நிலைக்கும் நேரத்தில் நாமே கூப்பிட்டுக் கலைத்துவிடுகிறோமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இம்முறையில் ஆசிரியையின் வேலை வேறு. அவள் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டுகிறாள், அதிகம் பேசுவதில்லை, பிறகு ஒதுங்கி நின்று கவனிக்கிறாள். அவசியமான இடத்தில் மட்டும் கை கொடுக்கிறாள்.

பிள்ளையின் மானத்தைக் காப்பதும் இதில் அடங்கும். மூக்குச் சிந்துவது எப்படி என்று அம்மையார் ஒருநாள் கைக்குட்டையால் சத்தமில்லாமல் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். பிள்ளைகளோ கைதட்டி ஆரவாரித்தார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று ஏசியவர்கள் பலர். பொறுமையாய்க் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை என்பதை அவர் அப்போது உணர்ந்தார்.

எழுத்துக்கும் இதே வழிதான். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவி, அதன் ஓசையைச் சொல்லுவார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிப் பழகியதை இது நினைவூட்டுகிறதல்லவா? கை அறிந்த பின்பே பென்சில் வந்தது. இன்று சில இடங்களில் மூன்று வயதிலேயே பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாய் வீட்டுப்பாடம் கேட்கிறார்கள். எழுதாவிட்டால் அடியும் விழுகிறது. எழுத்து வருமுன்பே எழுத்தின்மேல் வெறுப்பு வந்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

"அப்படியானால் பிள்ளையை இஷ்டப்படி விட்டுவிடுவதா?" என்று கேட்பீர்கள். இல்லை. பிறரை அடிப்பதும் சாமானை உடைப்பதும் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவேண்டும். ஒவ்வொரு சாமானும் ஒன்றே ஒன்று இருப்பதால், மற்றவன் முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். இதைவிட நல்ல ஒழுக்கப் பாடம் ஏது?

அம்மையார் நமக்கு அந்நியரல்லர். 1939-ல் தம் 69-ம் வயதில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். யுத்தத்தினால் ஊர் திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார். சில ஆண்டுகள் கொடைக்கானலில் பிள்ளைகளோடு உழைத்தார். 1952-ல் ஹாலந்து தேசத்தில் காலமானார்.

இம்முறைக்கு விலையுயர்ந்த சாமான் வேண்டும் என்று எண்ணாதீர்கள். கூலி வேலை செய்யும் வீட்டிலும் இவற்றைச் செய்யலாம்:

1. சிறு செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றப் பழக்குங்கள். சிந்தினால் ஏசாமல் துணியைக் கொடுங்கள். துடைப்பதும் ஒரு பாடமே.

2. மொச்சையையும் கொண்டைக்கடலையையும் கலந்து, பிரித்து வைக்கச் சொல்லுங்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளாதபடி அருகிலிருந்து பாருங்கள்.

3. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து, அதன் துணியை அங்கே மாட்டச் செய்யுங்கள்.

4. காலையில் கால்மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். அவசரம் குறைந்தால் அடியும் குறையும்.

5. வேலையில் ஆழ்ந்திருக்கும் பிள்ளையைப் புகழ்வதற்காகக்கூட இடைமறிக்காதீர்கள்.

தகப்பன்மாரே, தாய்மாரே! "உன்னால் முடியாது, கொடு" என்று நாம் நாளுக்குப் பத்துத் தடவை சொன்னால், பிள்ளை அதை நம்பிவிடும். அந்த நம்பிக்கையோடு அது வளர்ந்தபின் மாற்றுவது மிகக் கடினம். பிஞ்சுக் கைகள் தடுமாறுவது இந்தச் சில வருஷங்கள்தான். அதுவரை பொறுத்திருப்பது பெற்றோரின் கடமை. பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய மேலான சொத்துக்களில் அதுவும் ஒன்று.