வாலில்லாத இறக்கை கவிழாதிருப்பது எப்படி?

பாசிர் கூடாங்கில் அனைத்துலகப் பட்டத் திருவிழா 1995-இல் தொடங்கியது. ஆகவே ஜொகூரில் இருக்கும் நமக்குப் பட்டம் புதிதல்ல. ஹேங் கிளைடர் அந்தப் பட்டத்தின் உறவுதான். அமெரிக்கத் தம்பதியரான பிரான்சிஸ் ரொகாலோவும் கெர்ட்ரூட் ரொகாலோவும் 1948-இல் சமையலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்துப் பறக்கவிட்ட பட்டமே இதன் மூலம். பட்டத்தை நூல் இழுத்துப் பிடிக்கிறது; ஹேங் கிளைடரில் தொங்கும் மனிதரின் எடை அந்த வேலையைச் செய்கிறது.

விமானத்தின் மூக்கு சாய்ந்தால் வால் அதை நிமிர்த்தும். ஹேங் கிளைடருக்கு வால் கிடையாது. பின்னோக்கிச் சரிந்த இறக்கையின் நுனிகளே அதற்கு வால். நுனியின் பின்விளிம்பு சற்றே தூக்கியிருப்பதால், வேகம் கூடும்போது காற்று நுனியைக் கீழே அழுத்தும், மூக்கு எழும். நண்பர்களே, காகித ராக்கெட் ஒன்றின் பின்விளிம்பை மேலே மடித்தும் கீழே மடித்தும் எறிந்து பாருங்கள், வேறுபாடு உடனே விளங்கும்.

ஆனால் இறக்கை துணியாயிற்றே! கொந்தளிக்கும் காற்றில் துணி தளர்ந்தால் நுனி தன் வேலையை மறந்துவிடும். கிளைடர் குட்டிக்கரணம் அடிக்கும். அதனால் பழைய வடிவங்களில் இறக்கைக்கு மேலே ஒரு கம்பம் நட்டு, அதிலிருந்து கயிறு கட்டிப் பின்விளிம்பைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அந்தக் கம்பமும் கம்பிகளும் காற்றைத் தடுத்தன. 1990-களின் நடுவில் போட்டிக் கிளைடர்களிலிருந்து அவை நீக்கப்பட்டன. மேற்கம்பிகள் தாங்கிய பாரத்தைக் குறுக்குச்சட்டமே வளையாமல் ஏற்க வேண்டியதாயிற்று. அதற்குக் கார்பன் நார் கைகொடுத்தது. ஏறக்குறைய 1 மீட்டர் இறங்குவதற்குள் 15 மீட்டர் முன்னேறும் இறக்கைகள் பிறந்தன. 2012-இல் டஸ்டின் மார்ட்டின் டெக்சஸில் 764 கிலோமீட்டர் பறந்தார்.

கயிற்றின் இடத்தைப் பிடித்தது ஸ்ப்ரோக். முன்விளிம்புக் குழாயிலிருந்து துணிக்குள்ளே நீண்டு, நுனியருகே பின்விளிம்பைத் தாங்கும் எளிய தண்டு அது. என் கண்ணுக்கு முழுக் கிளைடரிலும் சுவையான உறுப்பு இதுதான். காரணம், அதைத் தாழ்த்தினால் இறக்கை தட்டையாகி வேகம் கூடும்; கவிழும் அபாயமும் கூடும். வெல்லத் துடிப்பவருக்கு ஒரு திருகாணி தூரம்தான்!

தயாரிப்பாளர்கள் கிளைடரை வாகனத்தின் மேல் பொருத்தி ஓட்டி, மூக்கு எழும் விசையை அளந்து பாதுகாப்பான அமைப்பை முடிவு செய்கிறார்கள். உலகப் போட்டிகளில் ஸ்ப்ரோக் கோணம் அதனோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படுகிறது. இந்தச் சோதனை வீரரின் சுதந்திரத்தில் தலையிடுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் தாழ்த்தினால் மற்றவரும் தாழ்த்தியே ஆகவேண்டிய நிலை வரும். அளவுகோல் ஒன்று இருந்தால் யாருக்கும் அந்த நெருக்கடி இல்லை.