‘டிக் டிக்’ சத்தமா? கேபிளைக் கழற்றுங்கள்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் பத்து வருடக் குடும்பப் படங்கள் இருக்கின்றன. இரண்டு நாளாக ‘டிக் டிக்’ என்று சத்தம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகி, நியூ டவுன், கொல்கத்தா

வேண்டாம் அம்மா. கொல்கத்தாவின் ஈரக்காற்றில், ஃப்ரீசரிலிருந்து எடுத்ததுமே டிஸ்க் வியர்த்துவிடும், இருப்பதும் போகும். முதலில் கேபிளைக் கழற்றுங்கள். உள்ளே சுழலும் தட்டைத் தொடாமல், தலைமுடிப் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதந்தபடி ஒரு முனை படிக்கிறது. பெரும்பாலும் அது பழுதானால்தான் இந்தச் சத்தம் வரும். மறுபடி மறுபடி செருகினால் தட்டு கீறும். கீறிய இடத்துப் படம் திரும்பாது.

கடையில் யாராவது மேசையிலேயே ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கினால், கையோடு வாங்கி வந்துவிடுங்கள். தூசி புகாத ‘கிளீன் ரூம்’ உள்ள டேட்டா ரெக்கவரி நிலையத்தில்தான் திறக்க வேண்டும். செலவு கூடுதல்தான். பத்து வருடப் படங்களுக்கு அது தகும்.

இனி இப்படித் தவிக்காமலிருக்க, வேறு இடத்திலும் ஒரு பிரதி வேண்டும். 1998-இல் அனிமேஷன் பட நிறுவனமான பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிந்தன, பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. அங்கு பணியாற்றிய கேலின் சஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது. படங்கள் மீண்டதும் இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று நியூ டவுனில் உங்களிடம் இருக்கட்டும். மற்றதை ஊருக்குப் போகும்போது அம்மா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள்.