முறுவல்

'முறுவல்' என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புன்சிரிப்பு என்பது ஒரு பொருள். பல் என்பது மற்றொரு பொருள். 'நகை' என்னும் சொல்லும் அவ்வாறே சிரிப்பையும் பல்லையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய முன்னோர், ஒன்றின்றி மற்றொன்று சிறவாது என்பதை நன்கு உணர்ந்திருந்தனர் போலும்! புலவர்களும் பல்லுக்கு முத்தையும் முல்லை அரும்பையும் உவமை கூறி மகிழ்ந்தனர்.

அழகுக்கு மட்டுமன்றி மொழிக்கும் பல் இன்றியமையாதது. தொல்காப்பியர் எழுத்துக்களின் பிறப்பைக் கூறுமிடத்து, நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும் என்றும், பல்லும் உதடும் இயைய வகரம் பிறக்கும் என்றும் வகுத்துள்ளார். முன்பற்களை இழந்த முதியவர் ஒருவர் 'தந்தை வந்தார்' என்று கூறுவதைக் கேட்டால் இவ்விதியின் உண்மை விளங்கும். 'பல் போனால் சொல் போச்சு' என்னும் பழமொழி, இலக்கணம் கற்ற பொக்கைவாய்க் கிழவர் ஒருவரின் வாயிலிருந்தே பிறந்திருக்க வேண்டும்.

இத்தகைய பல் ஏன் கெடுகிறது? இவ்வினாவுக்கு உலக மக்கள் நெடுங்காலம் ஒரே விடையைக் கூறி வந்தனர்: பல்லைப் புழு அரிக்கிறது என்பதே அது. பண்டைப் பாபிலோனியாவின் களிமண் பலகைகளிலேயே பற்புழுவைப் பற்றிய மந்திரம் காணப்படுகிறது. நம் நாட்டிலும் சொத்தைப் பல்லைப் 'பூச்சிப் பல்' என்றே பலர் வழங்குவர். கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு, எழும் புகையை வலிக்கும் பல்லில் படச் செய்வது நாட்டுப்புறங்களில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். ஐரோப்பியர் வேறொரு செடியின் விதையைக் கொண்டு இதனையே செய்தனர். புகை பிடித்து முடித்தபின், அருகிலிருக்கும் நீரில் வெண்ணிறமான சிறு இழைகள் மிதக்கும். "இதோ, விழுந்த புழு!" என்று வைத்தியர் அவற்றைக் காட்டுவார். நோயாளியும் நம்பிக் காசு கொடுத்துச் செல்வார். உண்மையில் அவை சூட்டினால் வெடித்த விதையிலிருந்து தெறித்த முளைகளே.

இந்நம்பிக்கையை ஆராய்ச்சி வழியில் ஐயுற்றவர்களுள் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டவரான பியேர் ஃபோஷார். அவர் 1678-ஆம் ஆண்டளவில் பிறந்தார். இளமையில் கடற்படையில் சேர்ந்து, அறுவை மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயின்றார். அக்காலத்துக் கப்பல்களில் மாதக்கணக்கில் காயும் கனியும் கிடைப்பதில்லை. அதனால் மாலுமிகளின் ஈறுகள் வீங்கிக் குருதி கசியும். நல்ல பற்களும் ஆடி விழும். அத்துன்பங்களை நேரிற் கண்ட ஃபோஷார், பின்னர்ப் பாரிசில் தங்கிப் பல் மருத்துவத்தையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார். அந்நகரத்துப் பாலத்தருகே மேடையிட்டு, கூட்டம் சூழ, ஆரவாரத்துடன் பல் பிடுங்குவோர் பிழைத்து வந்த காலம் அது. தொழில் அறிந்தவர்களும் தம் திறத்தைப் பிறர் அறியாதவாறு மறைத்தனர். ஃபோஷாரோ தாம் கண்டவற்றையெல்லாம் தொகுத்து, 1728-இல் இரண்டு பகுதிகள் கொண்ட பெருநூலாக வெளியிட்டார். அவர் கூறிய மருந்துகளுள் சில இன்று நகைப்புக்கு இடமானவை. எனினும், தொழில் மறைவை உலகறியச் செய்த அவ்வொரு செயலுக்காகவே அவரை இக்காலப் பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றுகின்றனர்.

அந்நூல் வெளிவந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக் கும்பினியின் ஆட்சியில் வளர்ந்து வந்த துறைமுக நகரம். பிற்காலத்தில் துய்ப்ளேயின் துபாசியாக விளங்கி, நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை அப்பொழுது பத்தொன்பது வயது இளைஞர். ஃபோஷாரும் பிள்ளையும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும், கண்டதைக் கண்டவாறு எழுதிவைக்கும் பண்பு இருவருக்கும் பொதுவாக இருந்தது. இருவரும் மறைந்த ஆண்டும் ஒன்றே, அது 1761.

ஃபோஷார் சொத்தைப் பற்களை உருப்பெருக்கி கொண்டு நோக்கினார். புழு எதனையும் தாம் கண்டதில்லை என்று எழுதினார். இனிப்புப் பண்டங்களே பல்லுக்குப் பகை என்றும் எச்சரித்தார். எனினும், வாயில் உயிர்கள் இல்லாமல் இல்லை. அவர் நூலுக்கு முன்பே, 1683-இல், ஆலந்து நாட்டு லேவன்ஹுக் என்பவர் தம் பற்களின் இடுக்கில் படிந்திருந்த வெண்மாவைச் சுரண்டி எடுத்து உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். எண்ணற்ற நுண்ணுயிர்கள் அதில் துள்ளித் திரிந்தன! நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்கி வந்த அவருக்கு அது பெருவியப்பாக இருந்தது. அவ்வுயிர்களுக்கும் சொத்தைக்கும் உள்ள தொடர்பு விளங்க மேலும் இருநூறு ஆண்டுகள் சென்றன. பெர்லின் நகரில் பணியாற்றிய அமெரிக்கரான மில்லர், 1890-இல் அதனைத் தெளிவுபடுத்தினார்.

அவர் கண்ட உண்மை இதுவே. பல்லின் மேற்புறத்தை மூடியிருக்கும் பற்சிப்பி, மனித உடலில் உள்ள பொருள்கள் அனைத்தினும் கடினமானது. எலும்பைக் காட்டிலும் உறுதியானது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. அமிலம் பட்டால் அது கரையும். நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் பல்லின்மேல் படலமாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் பற்சிப்பியிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியை மீண்டும் பல்லில் படியச் செய்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். இவ்வாறு கரைதலும் படிதலும் வாயில் நாள்தோறும் நிகழ்கின்றன. கரைதல் மிகுந்தால் பல்லில் முதலில் வெண்புள்ளி தோன்றும். பிறகு குழி விழும். எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் வளரும். குழி விழுந்த பற்சிப்பியை மட்டும் உடல் மீண்டும் ஆக்குவதில்லை. அதனை ஆக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன.

ஆகவே, எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைவிட எத்தனை முறை உண்கிறோம் என்பது முதன்மையானது. இதனை ஐயமற நிறுவிய ஆராய்ச்சி ஒன்று சுவீடன் நாட்டில் லுண்டு நகரத்து விப்பேகோல்ம் மருத்துவமனையில் நடந்தது. உணவோடு சேர்த்து இனிப்பு உண்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாக மிகவில்லை. உணவு வேளைகளுக்கு இடையே பல்லில் ஒட்டும் மிட்டாய்களை உண்டவர்களுக்கோ சொத்தை பன்மடங்கு பெருகிற்று. அதன் முடிவுகள் 1954-இல் வெளியாயின. ஆனால் அவ்வாராய்ச்சிக்கு உட்படுத்தப்பட்டோர் மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள். அவர்களுடைய இசைவைப் பெறாமலேயே அவர்களுக்கு மிட்டாய் கொடுத்துப் பற்கள் கெட விடப்பட்டன. உலகம் பெற்ற அறிவு பெரிது. அதற்கு விலை கொடுத்தோர் மறுத்துச் சொல்ல வாயற்றவர். அச்செயலை அறமென்று எவரும் கூறார்.

புதுச்சேரிக் கடற்கரையில் மாலை வேளையில் உலவும் சிறுவன் ஒருவன் ஐந்து கமர்கட்டுகளை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை உணவு முடிந்தவுடன் உண்டு வாய் கொப்புளித்தால், அவன் பற்கள் அமிலத்தில் நனைவது ஒருமுறையே. மணிக்கு ஒன்றாகச் சுவைத்தால், மாலை முழுதும் உமிழ்நீருக்கு ஓய்வில்லை. காசும் ஒன்றே, கமர்கட்டும் ஒன்றே; பல்லின் கணக்கு மட்டும் வேறு.

பெற்றோரும் அறியாது இழக்கும் பல் ஒன்று உண்டு. குழந்தைக்குப் பாற்பற்கள் இருபது. ஆறு வயதளவில், அவற்றுள் எதுவும் விழாமலே, அவற்றுக்குப் பின்னால் புதிய கடைவாய்ப்பல் ஒன்று நான்கு புறமும் முளைக்கும். முன்பல் விழுந்து முளைப்பதை ஊரே பார்க்கும். இதனை ஒருவரும் பாரார். பார்த்தாலும் பாற்பல் என்றெண்ணி, 'விழப்போவதுதானே' என்று விட்டுவிடுவர். அதுவோ வாழ்நாள் முழுதும் உணவை அரைக்க வேண்டிய நிலைப்பல். மேற்பரப்பில் ஆழ்ந்த வரிகள் உடைமையால் அதில் உணவு எளிதில் தங்கும். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து நோக்கினால், முதலில் காண வேண்டியது அப்பல்லையே.

பல் துலக்கும் பழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, காலையில் பற்கோலால் பல்லைத் தூய்மை செய்து, கண் கழுவித் தெய்வத்தைத் தொழுமாறு பணிக்கிறது. ஆலும் வேலும் வேம்பும் அப்பணிக்கு உதவின. குச்சியின் நுனியை மென்று நாராக்கிப் பொறுமையுடன் தேய்த்தால் அது நன்கு தூய்மை செய்யும். ஆயினும் கடைவாயின் உட்புறத்திற்கு அது எளிதில் எட்டுவதில்லை. நைலான் இழை கொண்ட பிரஷ் 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது; மென்மையான இழை கொண்டது எல்லா இடத்திற்கும் செல்லும். புளூரைடு கலந்த பற்பசையை அதில் சிறிதளவே இட்டு, ஈறும் பல்லும் கூடுமிடத்தில் சாய்த்துப் பிடித்து, சிறு வட்டங்களாக இரண்டு நிமிடம் தேய்த்தல் வேண்டும். புளூரைடு, கரைந்த சத்து மீண்டும் பல்லில் படியத் துணைசெய்யும். காலையில் துலக்கத் தவறுவோர் சிலரே. இரவில் துலக்குவோரும் சிலரே! உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுதலின், இரவுத் துலக்கலே இரண்டினுள் மேலானது.

சிலர் வெண்மையான முறுவலை விரும்பி அடுப்புக்கரியாலும் செங்கற்பொடியாலும் பல்லை அழுந்தத் தேய்க்கின்றனர்; எலுமிச்சைச் சாற்றைத் தடவுவோரும் உளர். பற்சிப்பி ஒளி ஊடுருவும் தன்மையது. அதனடியிலுள்ள பகுதி மஞ்சள் நிறமுடையது. எனவே நலமான பல்லும் சற்று மஞ்சள் சாயலுடனே தோன்றும். தேய்க்கத் தேய்க்கப் பற்சிப்பி மெலியும். மெலிய மெலிய மஞ்சள் மிகும். வெண்மை தேடிச் சென்றவர் உள்ளதையும் இழந்து கூச்சத்துடன் திரும்புவர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலருடைய பற்களில் காணப்படும் பழுப்புக் கறையோ துலக்காமையால் வந்ததன்று. நிலத்தடி நீரில் மிகுதியாக உள்ள புளூரைடு, பல் உருவாகும் இளவயதிலேயே அதனைத் தாக்குவதால் வருவது. அளவோடு பல்லைக் காக்கும் அப்பொருளே அளவு கடந்தால் கெடுக்கிறது. அம்மக்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் வழங்கும் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. கறைபடிந்த பல்லுடைய தோழனை எள்ளுவோர், அவன் குடித்து வளர்ந்த நீரை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாக்கின் தீமை இவற்றினும் கொடியது. புகையிலை சேராத தாம்பூலமும் புற்றுநோயை விளைக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் அறிவித்தது. நறுமணம் ஊட்டிய பாக்குப் பொட்டலங்களை மெல்லும் இளைஞருக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகும். நாளடைவில் மூன்று விரல்கள் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரலும் நுழையாது. சோற்றுருண்டையை வாயிலிட இயலாத அந்நிலைக்கு வந்தோர்க்கு முறுவலும் அரிதாகிவிடுகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823-இல் மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியர் கைக்கு வந்தபின் அது வளர்ந்து, 1964-இல் ஜவகர்லால் நேருவின் பெயர் தாங்கிய முதுகலை மருத்துவ நிலையமாயிற்று. பற்களுக்கென்று தனியே, மகாத்மா காந்தியின் பெயரால் 1990-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் அந்நகரில் நிறுவப்பட்டது. எனினும், பல் மருத்துவரிடம் செல்ல மக்கள் அஞ்சுகின்றனர். ஈற்றோரம் கல்போல் இறுகிய காரையை அகற்றினால் பல் ஆடிப்போகும் என்பது அவ்வச்சங்களுள் ஒன்று. காரையே ஈற்றைப் புண்ணாக்கிப் பல்லின் பிடியைத் தளர்த்துகிறது. தளர்ந்த பல்லைக் காரை பற்றி நிறுத்தியிருந்தமையால், அது நீங்கியதும் ஆட்டம் புலப்படுகிறது, அவ்வளவே. துலக்கும்போது குருதி கசிவது அதன் முதல் அறிகுறி. பலர் அதனைக் கண்டு அஞ்சி அவ்விடத்தைத் துலக்காமல் விடுவர்; காரை மேலும் வளரும். சிறு குழியாக இருக்கும்போதே சென்றவருக்குக் குழியைச் சுரண்டி அடைத்து, அன்றே வீட்டிற்கு அனுப்பிவிடுவர். இரவெல்லாம் உறக்கமின்றிக் கன்னம் வீங்கிய பிறகு, கிராம்பும் உப்பும் பயன்படாமற்போன பிறகு செல்பவருக்கே, பல்லைப் பிடுங்க வேண்டிய நிலை வருகிறது.