எந்தக் குழாயைக் கழற்றலாம்?

காரைக் கடையில் வாங்காமல், பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி முடிக்கும் வழக்கம் பிரிட்டனில் நெடுநாளாக உண்டு. கோலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957இல் வெளியிட்ட 'செவன்' என்னும் சிறு கார் இவ்வகையில் பெயர் பெற்றது. முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு; பாகங்களுக்கு இல்லை. 1973இல் அந்த வரி போன பின்னும் பழக்கம் போகவில்லை. இன்று அங்கே பலர் பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பிரித்தெடுத்து, எஃகுக் குழாய்ச் சட்டத்தில் பொருத்திப் புதுக் கார் செய்கிறார்கள். இதற்குக் 'கிட் கார்' என்று பெயர்.

எஞ்சினைத் தூக்கி வைத்ததும் கண்ணில் படுவது அதைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் கறுப்பு ரப்பர் குழாய்கள். ஏர்கண்டிஷனர் இல்லாத, கூரைகூட இல்லாத வண்டிக்கு இவ்வளவு குழாய் எதற்கு என்று தோன்றும். கை கத்திரியைத் தேடும். ஆனால் இவற்றுள் ஒன்று காரை நிறுத்த உதவுவது; ஒன்று பெட்ரோலை அளப்பது. ஆகவே, வெட்டுமுன் குழாய்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டருக்குள் காற்று வர வேண்டும். அதன் வழியில் திராட்டில் என்னும் தகடு நிற்கிறது. கால் ஆக்சிலரேட்டரில் இல்லாதபோது அத்தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் கேட்கும் அளவுக்குக் காற்று வராததால், தகடுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள மேனிஃபோல்டில் அழுத்தம் குறைகிறது. வெளியே 76 செ.மீ. பாதரச அழுத்தம் இருக்கையில் உள்ளே சுமார் 26 செ.மீ. தான் இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும்.

இதை மெக்கானிக்குகள் 'வாக்குவம் இழுக்கிறது' என்பார்கள். பேச்சுக்குச் சரி, இயற்பியலுக்குச் சரியில்லை. குழல் வைத்து இளநீர் குடிக்கும்போது இளநீரை மேலே ஏற்றுவது உங்கள் வாயன்று, வெளிக்காற்றின் அழுத்தம். இங்கும் அப்படியே. உள்ளே அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி வெளிக்காற்று தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலைத்தான் குழாய்கள் வேலை வாங்குகின்றன.

எல்லாவற்றிலும் தடித்த குழாய் பிரேக் சர்வோவுக்குப் போவது. சர்வோ என்பது நடுவே ரப்பர்த் திரையுள்ள ஒரு தகர டப்பா. திரையின் விட்டம் 20 செ.மீ. என்று கொண்டால் பரப்பு 314 சதுர செ.மீ. ஆகும். 50 செ.மீ. பாதரச வேறுபாடு என்பது சதுர செ.மீ.க்கு 0.68 கிலோகிராம். பெருக்கிப் பாருங்கள்: 200 கிலோகிராமுக்கும் மேற்பட்ட விசை ஓட்டுநரின் காலுக்குத் துணை வருகிறது! இக்குழாயில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. காற்று எஞ்சினை நோக்கிப் போகலாம், திரும்ப முடியாது. அதனால்தான் எஞ்சின் நின்ற பிறகும் இரண்டொரு முறை பிரேக்கை எளிதாக மிதிக்க முடிகிறது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக வால்வை எறிந்துவிட்டுச் சாதாரணக் குழாயைப் பொருத்தினால், எஞ்சின் நின்ற கணமே பெடல் கல்லாகிவிடும்.

சர்வோவையே எடுத்துவிட்டால் என்ன? எடுக்கலாம். சுமார் 500 கிலோகிராம் எடையுள்ள லோட்டஸ் செவனுக்குச் சர்வோ கிடையாது. ஆனால் அப்போது மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். நீங்கள் படித்த பாஸ்கல் விதிதான் இங்கே வழிகாட்டி. சிலிண்டரின் குறுக்குப் பரப்பைக் குறைத்தால் அதே கால் விசைக்கு எண்ணெயில் அழுத்தம் கூடும். அதற்கு ஈடாகப் பெடல் அதிக தூரம் போகும். கணக்குப் போடாமல் சர்வோவை மட்டும் கழற்றுவது விபத்துக்கு வழி.

அடுத்தது மெல்லிய குழாய், ஆனால் நுட்பமானது. பெட்ரோல் அழுத்தச் சீராக்கிக்குப் போவது. கிட் கார் செய்பவர்கள் முதலில் வெட்ட நினைப்பது இதைத்தான் என்பது என் எண்ணம், பார்ப்பதற்கு அவ்வளவு அற்பமாக இருக்கும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனை மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது. அது எவ்வளவு தெளிக்கும் என்பது குழாயிலுள்ள பெட்ரோல் அழுத்தத்துக்கும் முனையிலுள்ள காற்றழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. இவ்வேறுபாடு எப்போதும் 3 வளிமண்டலமாக இருக்கட்டும் என்பது சீராக்கியின் வேலை என்று கொள்வோம். மேனிஃபோல்டில் அழுத்தம் குறைந்தால், அச்செய்தி குழாய் வழியே வந்து பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு குறைக்கும்.

குழாயைக் கழற்றிவிட்டால் சீராக்கி வெளிக்காற்றைப் பார்த்து 3 வளிமண்டலத்தையே தந்துகொண்டிருக்கும். முனையிலோ அழுத்தம் 0.66 வளிமண்டலம் குறைவு. ஆகவே வேறுபாடு 3.66. பாய்வு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, 3.66ஐ 3ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1.10. நூற்றுக்குப் பத்துப் பங்கு பெட்ரோல் வீண்! சூடான எஞ்சினில் புகைக்குழாயின் ஆக்சிஜன் உணரி இதை ஓரளவு திருத்தும். குளிர்ந்த எஞ்சினில் அதுவும் இல்லை. இக்குழாயைச் சர்வோக் குழாயுடன் இணைத்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் சர்வோவிலிருந்து ஒரு வாய்க் காற்று வந்து சீராக்கியைக் குழப்பும்.

பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை எடுத்துச் செல்வது இன்னொரு குழாய். இதை அடைத்தால் எண்ணெய்த் தொட்டியில் அழுத்தம் ஏறி, சீல்களின் வழியே எண்ணெய் பிதுங்கும். பெட்ரோல் தொட்டியின் ஆவியைக் கரிப் பெட்டியில் பிடித்து எஞ்சினுக்கு அனுப்பும் குழாயும் உண்டு. அதை எடுத்தாலும் கார் ஓடும், ஆனால் கொட்டகையில் பெட்ரோல் நாறும், காற்றும் கெடும். அந்தந்த நாட்டுப் புகைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஏர்கண்டிஷனர் ஓடும்போது எஞ்சின் வேகத்தைக் கூட்டும் ஏற்பாடு போன்றவற்றை, அந்தக் கருவியே இல்லாத வண்டியில், தயங்காமல் எடுத்துவிடலாம்.

எடுத்த இடத்தில் மீதியாவது ஒரு துளை. 4 மி.மீ. துளைதானே என்று விட்டுவிட முடியாது. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் பாதிக்கும் கீழே இருப்பதால், காற்று அதன் மிகக் குறுகிய இடத்தில் ஒலியின் வேகத்திலேயே பாயும். வினாடிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் காற்று நுழையும். 1.6 லிட்டர் எஞ்சின் சும்மா ஓடும்போது கேட்கும் காற்றில் இது ஏறக்குறையப் பாதி. அளவுமானியைக் கடக்காமல் வந்த காற்றாதலால் அதற்குரிய பெட்ரோலும் கிடைக்காது, எஞ்சின் தடுமாறும். மலிவான ரப்பர் மூடிகள் எஞ்சின் சூட்டில் சில மாதங்களில் வெடித்துவிடும். உலோக அடைப்பானே நல்லது.

கசிவைக் கண்டுபிடிக்கச் சிலர் எரியக்கூடிய திரவத்தைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீ விளையாட்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு, மறுமுனையை, சுழலும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் எட்டாமல், ஒவ்வொரு மூட்டாக நகர்த்தினால் போதும். கசியும் இடத்தில் 'உஸ்' என்ற ஓசை தெளிவாகக் கேட்கும். சர்வோவைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கார் இருந்தால், ஓட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள்: எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நான்கைந்து முறை மிதிக்கட்டும், பெடல் இறுகும். காலை எடுக்காமலே எஞ்சினைக் கிளப்பட்டும். பெடல் தானாகச் சற்றுக் கீழே இறங்குவதைக் கால் உணரும்.